ஒற்றைக் கட்டத்துக்கு இரண்டு பெயர்கள்

"ஊருக்குப் பேர் வைக்கிறதும் பிள்ளைக்குப் பேர் வைக்கிறதும்…" என்று தொடங்கினார் எங்கள் பழைய மேயர். அதற்கப்புறம் "ஒண்ணுதான்" என்றாரா, "ஒண்ணில்ல" என்றாரா என்பது எனக்கு நினைவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சோற்றுப் பெட்டிகள் வந்து இறங்கின. ஒலிபெருக்கி வேறு கீச்சிட்டது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பதிவு நாடாவிலும் அந்த இடத்தில் கீச்சொலி மட்டும்தான் இருக்கிறது.

அது எங்கள் ஊர் பிறந்த விழா. ஒகித்தா என்று ஒரு கிராமம், கசாமே என்று ஒரு கிராமம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேரூராட்சி ஆக்கினார்கள். இரண்டுமே நூற்றாண்டுகள் பழைய பெயர்கள். எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். குழு நாற்பத்தொரு தடவை கூடியது. ஒகித்தாவை வைத்தால் கசாமேக்காரர்கள் முகம் வாடும், கசாமேயை வைத்தால் ஒகித்தாக்காரர்கள் முகம் வாடும். கடைசியில் ஒருவருக்கும் பிடிக்காத, ஆகவே ஒருவரும் ஆட்சேபிக்காத, ஹரேயாகா என்ற பெயரை வைத்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கிற ஊர் என்று பொருள். வருஷத்தில் ஐந்து மாதம் நாங்கள் பனிக்கு அடியில் கிடக்கிறோம்.

அந்த விழாவுக்கு நான் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். பிறகு ஒரேயடியாகத் திரும்பி வந்து, பேரூராட்சி அலுவலகத்தில் இரண்டாம் கவுன்டரில் உட்கார்ந்தேன். பிறப்பும் இறப்பும் என் பொறுப்பு. இறப்புப் படிவம் மாதம் ஒரு கட்டு தீரும். பிறப்புப் படிவக் கட்டு மேல்தாள் மஞ்சளாகிப் போய் அலமாரியில் இருந்தது.

எனவே பிப்ரவரி நான்காம் தேதி காலையில் முகாய்தா ஷூஜி என்பவர் கவுன்டருக்கு வந்து, பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் பதிய வேண்டும் என்று சொன்னபோது அலுவலகத்தில் எல்லா விசைப்பலகைகளும் நின்றன. முகாய்தா எங்கள் ஊரில் குடியிருந்துகொண்டு, பக்கத்து தகஹொரி நகரத்தில் டிராக்டர் பழுது பார்க்கிறவர். முப்பத்தாறு வயது. குழந்தையும் முதல் தேதி தகஹொரி ஆஸ்பத்திரியில்தான் பிறந்திருந்தது, எங்கள் ஊர்ப் பிரசவப் பிரிவை மூடி ஒன்பது வருஷம் ஆகிவிட்டபடியால். அந்த வருஷத்தில் எங்கள் ஊர்க் கணக்கில் முதல் குழந்தை. மேயர் தொக்குராவின் கணிப்பில் கடைசிக் குழந்தையும் அதுதான்.

மஞ்சள் தாளை விலக்கி, அதற்கு அடியிலிருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகவரி எழுதினார், தன் பெயர் எழுதினார், மனைவி சாயேயின் பெயர் எழுதினார். குழந்தையின் பெயர்க் கட்டத்தில் பேனா நின்றது.

"ரெண்டு பேர் வச்சிருக்கோம்," என்றார். "யுகினோன்னு ஒண்ணு, சிகுசான்னு ஒண்ணு. ரெண்டுமே ரெண்டு பேருக்குமே பிடிச்சிருக்கு. அதுதான் சிக்கல்."

"இன்னும் நாள் இருக்குங்க. பதினாலாம் தேதி சாயங்காலம் அஞ்சேகால் வரைக்கும் கொடுக்கலாம்," என்றேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பேச்சுக்குப் பேச்சாக, எதிரில் இருப்பவரிடம் ஒரு மரியாதைக்குக் கேட்கிற தொனியில் கேட்டார்: "நீங்க என்ன நினைக்கிறீங்க? எது நல்லா இருக்கும்?"

எங்கள் பக்கத்தில் இது கேள்வியே இல்லை. விருந்துக்குப் போன இடத்தில் "இந்த ஊறுகாய் எப்படிப் போடுறீங்க?" என்று கேட்பது மாதிரி. யாரும் போய் ஊறுகாய் போடப் போவதில்லை. "ரெண்டுமே அழகான பேருங்க" என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிரிவுத் தலைவர் இசோகாய் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கவுன்டரில் குடிமக்கள் கேட்கும் எந்தக் கேள்வியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது அவர் போட்ட விதி. நான் ஏற்றினேன். வரிசை எண் 118. பொருள்: பெண் குழந்தைக்கு இரு பெயர்களுள் உகந்தது எது எனப் பேரூராட்சியின் கருத்தைக் கோருதல்.

கோரிக்கை என்று ஒன்று பதிவாகிவிட்டால் அதற்குப் பதில் போக வேண்டும். பதில் என்று ஒன்று போக வேண்டுமானால் அதற்கு ஒப்புதல் வேண்டும். மத்தியானத்துக்குள் நானே சுற்றுக் குறிப்பை எழுதி அனுப்பினேன்.

சுற்றுக் குறிப்பு என்றால் ஒரு தாளின் தலைப்பில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு அதிகாரியும் தன் கட்டத்தில் சிவப்பு முத்திரையைப் பதிக்க வேண்டும். மேலதிகாரியின் முத்திரை நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கீழே இருப்பவர் தன் முத்திரையை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பார், குனிந்து வணங்குகிற மாதிரி. அவருக்கும் கீழே இருப்பவர் இன்னும் கொஞ்சம் சாய்ப்பார். மொத்தம் பதினோரு முத்திரைகள். என்னுடையது பாதி சரிந்திருந்தது. வாசல்காவலர் நெகிஷியுடையது படுத்தே விட்டது.

யாரும் எதிர்ப்பு எழுதவில்லை. எதிர்ப்பு எழுதுவது எங்கள் வழக்கமில்லை. கவனத்தை ஈர்த்தார்கள், அவ்வளவுதான். யுகினோ என்றால் பனிவெளி என்று பொருள்படுவதாலும், இந்தக் குளிர்காலத்தில் தெருப்பனி அள்ளப்படவில்லை என்று இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள் நிலுவையில் இருப்பதாலும், பேரூராட்சியே பனியைப் பாராட்டுவதான தோற்றம் எழக்கூடும் என்பதைச் சாலைப் பிரிவு பணிவுடன் சுட்டிக்காட்டியது. சிகுசா என்றால் ஆயிரம் புல் என்று பொருள்படுவதாலும், தரிசு வயல்களில் புல் மண்டிக் கிடப்பது வேளாண் பிரிவின் நெஞ்சை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருப்பதாலும், அதை நாள்தோறும் உரக்கக் கூப்பிடுவது பற்றி வேளாண் பிரிவு ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. குழந்தை காணாமல் போனால் தெருவோர ஒலிபெருக்கியில் இரண்டில் எது தெளிவாகக் கேட்கும் என்று பேரிடர்ப் பிரிவு சோதித்துப் பார்க்க விரும்பியது. கல்விப் பிரிவு மட்டும் நல்ல மனதோடு எழுதியிருந்தது: இந்தக் குழந்தை முதல் வகுப்பில் சேரும்போது வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், ஆகவே எதுவானாலும் நீளமாக இருந்தால் ஆசிரியருக்கு ஆறுதல்.

ஆறாம் தேதி முகாய்தா மறுபடி வந்தார். ஊரில் அதற்குள் செய்தி பரவியிருந்தது. குப்பை போடும் இடத்தில் மூன்று பேர் அவரை நிறுத்தி, தங்கள் கருத்தை எழுத்தில் தருவதாகச் சொன்னார்களாம்.

"அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிக்க முடியுங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

தாராளமாக முடியும் என்றேன். வாபஸ் படிவம் ஒன்று உண்டு. காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் பேரூராட்சியின் உழைப்பைக் குறைத்து மதிப்பதாக இருக்கக் கூடாது. அவர் படிவத்தை வாங்கிக்கொண்டு, எதை எழுதலாம் என்று யோசித்தபடியே, என் மேசையில் கிடந்த சுற்றுக் குறிப்பைப் பார்த்தார். பதினோரு சிவப்பு வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசி வட்டத்தில் நின்றார்.

"இவரு ஏங்க படுத்திருக்காரு?"

"வாசல்காவலர் நெகிஷிங்க. எல்லாருக்கும் கீழ இருக்கிறவரு."

"எம் பொண்ணு பேருக்காகவா?"

"ஆமாங்க."

அவர் வாபஸ் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன்னால் இத்தனை பேருக்குச் சிரமம் என்று என்னிடமும், கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த பொதுப்படையான திசையிலும் குனிந்துவிட்டுப் போனார்.

பதில் எழுதுவதற்கு ஒரே ஒரு தடைதான் இருந்தது: முன்னுதாரணம் இல்லை. மாவட்டத்தைக் கேட்டோம். பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை என்றும், ஆனால் பேரூராட்சி எடுக்கும் முடிவை நகல் எடுத்துத் தங்களுக்கும் அனுப்பும்படியும் மாவட்டம் பதில் போட்டது. எட்டாம் தேதி இசோகாய் தானே ஆவண அறைக்குள் இறங்கினார். இரண்டு மணி நேரம் கழித்து, தலையெல்லாம் ஒட்டடையாக, முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். கையில் எங்கள் ஊருக்குப் பெயர் வைத்த குழுவின் பழைய கோப்பு. இரு பெயர்கள், இரண்டுமே உகந்தவை, ஒன்றைத் தேர்ந்தால் மற்றதற்கு வருத்தம். எல்லாம் அப்படியே பொருந்துகிறது என்றார். பிள்ளையும் ஊரும் ஒன்றா என்று நான் இழுத்தேன். பழைய மேயர் விழாவிலேயே சொல்லியிருக்கிறாரே என்றார். அவர் எப்படி முடித்தார் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணுதான்னு முடிச்சாரு" என்றார் இசோகாய். அவரும் அப்போது சோற்றுப் பெட்டி வரிசையில் எனக்கு முன்னால்தான் நின்றார்.

இப்படியாகப் பெயர்த் தேர்வுக் குழு அமைந்தது. பழைய குழு நாற்பத்தொரு தடவை கூடியது. கெடுவுக்கு ஆறு நாள்தான் இருந்ததால், நாற்பத்தொரு கூட்டங்களையும் ஒரே கூட்டமாகச் சுருக்கிப் பதினொன்றாம் தேதி உடற்பயிற்சிக் கூடத்தில் நடத்துவது என்று தீர்மானமாகியது.

அறுபது பேர் வந்தார்கள். காலணிகளைக் கழற்றி, வாசலில் வைத்திருந்த பச்சைச் செருப்புகளை மாட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலிகளில் கோட்டோடு உட்கார்ந்தார்கள். முகாய்தாவுக்கு முதல் வரிசையில் இடம். குழந்தையின் தகப்பன் என்பதால் அவருக்கு வாக்கு இல்லை; சார்புள்ளவர் ஆகிவிடுகிறார் அல்லவா. சாயே பிரசவம் ஆகிப் பத்து நாள் என்பதால் வீட்டில் இருந்தார்.

முதலில் தோக்கியோவிலிருந்து வரவழைத்த ஆலோசகர், ஹிராயிவா என்கிற பெண்மணி, திரையில் படங்களைப் போட்டார். பெயர் என்பது இனி வெறும் பெயர் இல்லையாம், ஓர் அனுபவமாம். வெண்ணிறச் சுவரில் குழந்தையின் பெயர் எழுதிய தாளை ஒட்டிப் படம் பிடித்தால் எது எடுப்பாக விழும், இணையத்தில் கணக்குத் தொடங்கும்போது எது இன்னும் யாராலும் எடுக்கப்படாமல் இருக்கும் என்றெல்லாம் விளக்கினார். தலைநகரில் இப்போது பெற்றோர்கள் காபிக் கடைக்குப் போய் அந்தப் பெயரைக் கொடுத்து, கோப்பையில் எழுதி வருவது எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்றார்.

முதியோர் சங்கத் தலைவர் அராமாக்கி கையைத் தூக்கினார். "நம்ம ஊர்ல காபிக் கடை இல்லீங்களே, அம்மா."

"அதனாலதாங்க இது இந்த ஊருக்குப் புதுமை," என்றார் ஆலோசகர். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து ஹரேபோன். எங்கள் பேரூராட்சியின் அடையாளப் பொம்மை. ஆளுயர முள்ளங்கி, கன்னத்தில் சிவப்பு. உள்ளே இருப்பவர் குடிநீர்ப் பிரிவு ஷிமோதே, ஐம்பத்து நாலு வயது. பொம்மை பேசக் கூடாது என்பது விதி. ஆகவே துணை மேயர் அதன் முன்னால் நின்று, யுகினோவா என்று மரியாதையாகக் கேட்டார். ஹரேபோன் தலையாட்டியது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. சிகுசாவா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டியது. வேறு கேள்வி எதுவும் கேட்கப்படாதபோதும் தலையாட்டியது. கழுத்து வார் அறுந்துவிட்டதாக ஷிமோதே பிற்பாடு என்னிடம் சொன்னார். கூட்டக் குறிப்பில் 'இரு பெயர்களுக்கும் ஹரேபோன் தொடர்ந்து ஆதரவு தெரிவித்தது' என்று எழுதினேன்.

பிறகு வாக்கெடுப்பு. முப்பதுக்கு முப்பது. ஒகித்தா பக்கத்து வீடுகள் யுகினோவுக்கு, கசாமே பக்கத்து வீடுகள் சிகுசாவுக்கு. ஏன் அப்படி என்று அவர்களுக்கும் தெரியாது. எதிர்ப்பக்கம் எதற்குக் கை தூக்குகிறது என்று பார்த்துத் தூக்கினார்கள்.

இசோகாய் எழுந்தார். முன்னுதாரணம் இந்த இடத்தில் வழிகாட்டுகிறது என்றார். இரு தரப்பும் சம அளவில் வருந்தும்படியான மூன்றாவது பெயரே நீதியானது. அப்படி ஒரு பெயரைக் குழு ஆராய்ந்து வைத்திருக்கிறது: நகோமி. இணக்கம் என்று பொருள். பனியும் இல்லை, புல்லும் இல்லை, ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கிறது. யாருக்கும் இது மிகவும் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அதற்கும் எழவில்லை. ஆகவே ஒருமனதாக நிறைவேறியது. அறுபது பேரும் எழுந்து முகாய்தாவைப் பார்த்துக் குனிந்தார்கள். அவர் எழுந்து, திரும்பி, அவர்களை விடக் கீழே குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நெகிழ்ந்துவிட்டார் என்று மேயர் என் காதில் சொன்னார்.

பதிமூன்றாம் தேதி தீர்மானத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, ஒரு பெட்டி குழந்தை அணையாடைகளோடு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. முகாய்தா கூரைப் பனியை இறக்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் சாயே. குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சுவரில், ஏழாம் நாள் பெயர் எழுதி மாட்ட வேண்டிய தாள் மாட்டியிருந்தது. 'பெயர்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

கண்ணாடிச் சட்டத்தைக் கொடுத்தேன். படித்தார்.

"இது யாருங்க?" என்றார்.

"உங்க பொண்ணுதாங்க. பரிந்துரை மட்டும்தான். சட்டப்படி முடிவு உங்களோடது."

"அப்ப நாளைக்கு அவரு படிவத்துல சிகுசான்னு எழுதினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பதிஞ்சிடுவோம்."

"யுகினோன்னு எழுதினா?"

"அதுவும் பதிஞ்சிடுவோம்."

"அந்த அறுபது பேரும் சும்மா இருப்பாங்களா?"

அணையாடைப் பெட்டியை வாசற்படியில் இறக்கி வைத்தேன். மேலே கூரையில் மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது.

"பதிமூணு நாளா இவளப் பாப்பான்னுதான் கூப்பிடுறேன்," என்றார் சாயே. குரலை உயர்த்தவில்லை, குழந்தை தூங்குகிறதே. "எந்த வீட்டுக் குழந்தையும் பாப்பாதான். எனக்கு ரெண்டு பேருமே பிடிக்கும். அவரு எதச் சொன்னாலும் சரின்னு அன்னிக்கே சொல்லிட்டேன். ஆனா அவரு சொல்லணும். அந்த முள்ளங்கி சொல்லக் கூடாது."

முள்ளங்கி இரண்டையும் ஆதரித்தது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"தகஹொரில எப்படிங்க?" என்று கேட்டார். "பேர எழுதிக் கொடுத்தா ஏதாவது கேப்பாங்களா?"

"அங்க ஒரு நாளைக்கு ஏழெட்டு குழந்தை பதிவாகுது. பிறந்த ஊர்லயும் பதியலாம். நிமிந்துகூட பாக்க மாட்டாங்க. எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவாங்க."

"நிமிந்துகூட பாக்க மாட்டாங்களா," என்றார் சாயே. கடற்கரை விடுதி ஒன்றின் விளம்பரத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

பதினான்காம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கே என் கவுன்டர் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மேயர் பூங்கொத்தோடு நின்றார். 'பிள்ளை பெற்று வளர்க்க உகந்த ஊர்' என்ற பதாகை கட்டியிருந்தது. ஹரேபோன் புது வாரோடு, தலை அசையாமல், வந்திருந்தது. மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஒரு புகைப்படக்காரர். பிறப்புப் படிவம் ஒன்றைப் புதிதாக எடுத்து, மஞ்சள் படாததாகப் பார்த்து, கவுன்டரில் வைத்திருந்தேன்.

நாலு நாற்பதுக்கு முகாய்தா வந்தார். திருமணத்துக்குப் போகிற கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். நெகிஷி கதவைத் திறந்துவிட, அவருக்கு ஒரு தடவை தனியாகக் குனிந்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தடவை குனிந்தார். பிறகு பேசினார். குழந்தையின் பெயரை இன்று காலையிலேயே தகஹொரியில் பதிந்துவிட்டதாகச் சொன்னார். குழு சொன்ன பெயரை வைக்க மனம் வரவில்லை என்றார். தவறு முழுக்கத் தன்னுடையது, முதல் நாளே அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றார்.

இது எனக்குப் புதுச் செய்தி இல்லை. தகஹொரியிலிருந்து காலை பதினொரு மணிக்கே தொலைநகல் வந்துவிட்டது. உள்வரும் தபால் பதிவேட்டில் ஏற்றி, இசோகாயிடம் காட்டினேன். அவர் துணை மேயரிடம் காட்டினார். அவர் மேயரிடம் காட்டினார். ஆனால் விழா நிரலுக்குப் பதினோரு முத்திரைகளும் விழுந்துவிட்டிருந்தன, அதில் தொலைநகலுக்கு இடம் இல்லை. ஆகவே பதாகையைக் கட்டினோம்.

"இவ்வளவு பேர் இவ்வளவு சிரமப்பட்ட பிறகு," என்றார் முகாய்தா, "வேற ஒரு பேரோட ஒரு பொண்ண இந்த ஊர்லயே, உங்க கண்ணு முன்னாடியே வளக்கிறது மரியாதையா இருக்காது. குப்பை போட வரும்போது உங்க முகத்த எப்படிப் பாப்பேன்?"

அவர் சொன்னதில் ஒருவருக்கும் குறை தெரியவில்லை. முதியோர் சங்கத் தலைவர் அராமாக்கி, வளர்ந்த விதம் அப்படி என்று பக்கத்திலிருந்தவரிடம் பாராட்டினார். மேயர் பூங்கொத்தை அவரிடமே கொடுத்தார். புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

முகாய்தா கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நான் வைத்திருந்த படிவத்தின் மேல் வைத்தார். ஊரை விட்டுக் குடிபெயர்வதற்கான அறிவிப்பு. அதற்குச் சுற்றுக் குறிப்பு வேண்டாம். ஒரே முத்திரை, என்னுடையது. நாலு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தேன்.

புதிய முகவரி: தகஹொரி நகரம். புறப்படுவோர்: முகாய்தா ஷூஜி, முகாய்தா சாயே, முகாய்தா சிகுசா.